கல்லீரல் சுருக்கமும் மரத்துப்போன காலும்: வீட்டில் பார்த்துக்கொள்பவர்களின் கேள்விகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து வந்த கேள்விகள் இவை. நான் வார்டில் நர்ஸாக இருந்தவள். கல்லீரல் சுருங்கிப்போன அப்பாவைக் கடைசிவரை வீட்டில் வைத்துப் பார்த்தவள்.

கேள்வி: அக்கா, லாக்டுலோஸ் சிரப் கொடுத்தா வீட்டுக்காரர் நாளைக்கு மூணு தடவை வெளிய போறாரு. கைலி துவைச்சே கை ஓஞ்சுபோச்சு. நிறுத்திடவா?

பதில்: நிறுத்தாதீங்கம்மா. அது வெறும் மலச்சிக்கல் மருந்து இல்ல. குடல்ல உண்டாகுற அம்மோனியாவைச் சுருங்கின கல்லீரலால சுத்தம் பண்ண முடியாது. அது மூளைக்கு ஏறி ஆளையே மாத்திடும். சிரப் அதை மலத்தோட வெளியேத்துது. ரெண்டு மூணு தடவை இளக்கமா போறதுதான் சரியான அளவு. தண்ணியா அதுக்கு மேல போனா டாக்டரைக் கேட்டு அளவைக் குறைங்க. உடம்புல நீர் வத்தினாலும் புத்திக் குழப்பம் வரும்.

கேள்வி: குழப்பம் வரப்போகுதுன்னு முன்னமே தெரியுமா?

பதில்: தெரியும். டாக்டரைவிட வீட்டுல இருக்குறவங்களுக்குத்தான் முதல்ல தெரியும். பகல்ல தூங்குவார், ராத்திரி முழிச்சிருப்பார். கையை நீட்டி மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கச் சொன்னா கை படபடன்னு அடிச்சு விழும். எங்கப்பா பால்மரம் (ரப்பர்) சீவினவர். தினம் காலையில நாள்காட்டித் தாள்ல கையெழுத்துப் போடச் சொல்வேன். ஒரு செவ்வாய்க்கிழமை முதல் எழுத்தோட பேனா கோட்டுக்குக் கீழ வழுக்கிடுச்சு. ரெண்டு நாளா அவர் வெளிய போகலைன்னு அப்பதான் உறைச்சது. அன்னைக்கே வார்டுல சேர்த்தோம். அந்தத் தாள் இன்னும் எங்கிட்ட இருக்கு.

கேள்வி: கல்லீரல் சுருங்கின அண்ணனுக்குப் பாதம் மரத்து, ராத்திரி எரியுதுங்குறார். சுடுதண்ணியில வைக்கலாமா?

பதில்: வேணாம்மா. மரத்த காலுக்குச் சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் நாம பார்ப்போம். குளிக்கிற தண்ணியையும் உங்க முழங்கையால தொட்டுப் பாருங்க. தினம் ராத்திரி டார்ச் அடிச்சு விரல் இடுக்கு, குதிகால் எல்லாம் பாருங்க. செம்பனைத் தோட்டத்துக்குள்ள போனா பூட்ஸைத் தட்டிட்டுப் போடச் சொல்லுங்க. குடி, இனிப்புநீர் (சர்க்கரை நோய்), வைட்டமின் பி1, பி12 குறைவு எல்லாமே நரம்பைக் கெடுக்கும், இரத்தம் சோதிக்கச் சொல்லுங்க. நரம்பு எரிச்சலுக்கான மாத்திரை சிலது தூக்கத்தைக் கூட்டும். மருந்தா குழப்பமான்னு பிரிக்க முடியாமப் போகும், அதனால பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீங்க.

கேள்வி: வலிக்கு பொன்ஸ்தான் (மெஃபனமிக் அமிலம்) மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது. கிட்னி கெடும், இரத்தம் கசியும். பனடோல் (பாராசிட்டமால்) கூட டாக்டர் சொன்ன அளவுதான், பொதுவா ஒரு நாளைக்கு 2 கிராமுக்கு மேல வேண்டாம்.

கேள்வி: முட்டை, கோழியை நிறுத்தணுமாமே?

பதில்: அது பழைய பேச்சு. சதை கரைஞ்சா குழப்பம் இன்னும் கூடும். முட்டை, மீன், பருப்பு கொடுங்க, படுக்கப்போகும் முன்ன கொஞ்சம் கஞ்சியும் கொடுங்க. வயித்துல தண்ணி கட்டினா குறைக்க வேண்டியது உப்பு: கருவாடு, நெத்திலி, ஊறுகாய், கீச்சாப் (சோயா சாஸ்), மேகி. அரைவேக்காட்டு கெராங் சிப்பி வேண்டவே வேண்டாம், அதுல உள்ள கிருமி இவங்க உயிருக்கே ஆபத்து.

கேள்வி: எப்போ 999-க்கு அடிச்சு ஆம்புலன்ஸைக் கூப்பிடணும்?

பதில்: இரத்த வாந்தி, தார் மாதிரிக் கறுப்பு மலம், எழுப்பியும் எழும்பாத தூக்கம், வயித்து வலியோட காய்ச்சல். விடியட்டும்னு காத்திருக்காதீங்க. போகும்போது மருந்துப் பையை மொத்தமா எடுத்துக்குங்க, குடிச்ச கீழாநெல்லிக் கசாயத்தையும் மறைக்காம சொல்லுங்க.