வீட்டில் கட்டும் இலகு விமானத்துக்கு எரிபொருள் குழாய் அலுமினியமா, ரப்பர் ஹோஸா?

இரண்டும் வேண்டும், இடம்தான் வேறு. டாங்கிலிருந்து ஃபயர்வால் (எஞ்சினைப் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவர்) வரை 5052-ஓ என்ற மென்மையான அலுமினியக் கலவையில் செய்த குழாய், பெரும்பாலும் 3/8 அங்குலம். அதைத் தாண்டினால் எஞ்சின் அதிர்வில் அலுமினியம் விரிசல் விடும். அங்கே தீயுறை போட்ட ஹோஸ்தான் சரி.

ஃபிட்டிங்கில் (இணைப்புத் துண்டில்) பொருந்த அலுமினியக் குழாயின் முனையைப் புனல்போல விரிப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். கார் வேலைக்கான கருவி பொதுவாக 45 டிகிரி கோணத்தில் விரிக்கும். விமான ஃபிட்டிங்குக்கு 37 டிகிரி வேண்டும். மாற்றிப் போட்டால் பொருந்தியதுபோலத் தெரியும், பிறகு கசியும். வெட்டிய விளிம்பில் பிசிறை நீக்குங்கள். நட்டையும் ஸ்லீவையும் (நட்டுக்குள் உட்காரும் சிறு வளையம்) முதலில் குழாயில் கோத்துக்கொண்டு அப்புறம் விரியுங்கள் (மறந்தால் மறுபடி வெட்ட வேண்டியதுதான்!).

எக்ஸாஸ்ட்டை ஒட்டிக் குழாயைக் கொண்டுபோகாதீர்கள். சூட்டில் பெட்ரோல் ஆவியாகி ஓட்டத்தை அடைக்கும். தகட்டைத் துளைத்துப் போகுமிடத்தில் ரப்பர் வளையம் போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால், அதைத் தாங்கும் ஹோஸா என்று பார்த்து வாங்குங்கள்.