பழைய ரைஃபிளில் பீப் சைட்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: நான் கொலராடோவில் வசிக்கிறேன். வயது ஐம்பத்தைந்தைத் தாண்டிவிட்டது. வாய்வழியாக மருந்திடும் ஹாக்கன் வகை ரைஃபிள் ஒன்று, 50 காலிபர், என்னிடம் உள்ளது. குழலின் மேல், கண்ணுக்கு அருகில் இருக்கும் பின்குறியின் வெட்டு இப்போதெல்லாம் பஞ்சுபோல மங்கித் தெரிகிறது. இத்தகைய வாய்வழி ரைஃபிளுக்கு (மசில்லோடர்) உரிய பருவ வேட்டையில் டெலஸ்கோப் வைக்க எங்கள் மாநில விதி அனுமதிப்பதில்லை. வெட்டுக்குப் பதிலாகச் சிறு துளை வழியே குறிபார்க்கும் பீப் சைட் பொருத்தினால் பயன் உண்டா? எத்தகையதை வாங்குவது?

பதில்: பயன் நிச்சயம் உண்டு. நாற்பது வயதுக்குமேல் கண்ணின் வில்லை இறுகத் தொடங்குவதால், பின்குறி, குழல் நுனியில் உள்ள முன்குறி, இலக்கு ஆகிய மூன்றுக்கும் பார்வையை மாற்றி மாற்றிக் குவிப்பது கடினமாகிறது. அம்மூன்றில் கண்ணுக்கு மிக அருகில் இருப்பது பின்குறி என்பதால் அதுவே முதலில் மங்குகிறது. பீப் சைட்டில் பின்குறியைக் கூர்ந்து பார்க்கவே வேண்டியதில்லை. துளையின் ஊடாகப் பார்த்து முன்குறியை மட்டும் தெளிவாக வைத்துக்கொண்டால் போதும். வட்டத்தின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். அத்துடன், துளை சிறியதாக இருப்பதால் முன்குறியும் இலக்கும் ஏறத்தாழ ஒருசேரத் தெளிவாகத் தெரியும்.

பணம் செலவழிக்கும் முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்து பாருங்கள். கறுப்பு அட்டை ஒன்றில் தடித்த ஊசியால் ஏறத்தாழ ஒன்றரை மில்லிமீட்டர் துளையிட்டு, அதை உங்கள் மூக்குக்கண்ணாடியின் மேல், வழக்கமாகக் குறிபார்க்கும் இடத்தில் ஒட்டி, காலியாக உள்ள ரைஃபிளைத் தோளில் சாத்தி முன்குறியைப் பாருங்கள். அது பளிச்சென்று தெரிந்தால் பீப் சைட் உங்களுக்குக் கைகொடுக்கும். அப்போதும் மங்கலாகவே இருந்தால் முதலில் போக வேண்டிய இடம் கண் மருத்துவரிடம்தான்.

அடுத்தது துளையின் அளவு. தாள் இலக்கைச் சுடுவோர் 0.040 முதல் 0.050 அங்குலம் வரையிலான துளைகளை விரும்புவார்கள். 0.040 அங்குலம் என்பது ஒரு மில்லிமீட்டர்தான். நண்பகல் வெளிச்சத்தில் அது அருமையாக இருக்கும்; விடியலிலும் அந்தியிலும், அதாவது மான் வெளியே வரும் வேளைகளில், அதன் வழியே ஒன்றும் தெரியாது. வேட்டைக்கு 0.093 அல்லது 0.125 அங்குலத் துளையை எடுங்கள். பீப் சைட் வாங்குவோரில் பலர் துளை சிறுத்தால் குறியின் துல்லியம் கூடும் என்று நம்பித் தேவைக்கும் சிறியதையே வாங்கிவிடுகிறார்கள் என்பது என் கணிப்பு. துளைத் தட்டைத் திருகிக் கழற்றி மாற்றக்கூடிய மாடலாக இருந்தால் இரண்டு அளவுகளையும் வைத்துக்கொள்ளலாம்.

எந்த இடத்தில் பொருத்தும் வகை என்பது மூன்றாவது. குழலின் பின்முனையிலிருந்து, தோளில் சாத்தும் மரக்கட்டைக்குள் நீளும் இரும்பு நாக்கை டாங் என்பார்கள். டாங்கின் மேல் நிற்கும் பீப் சைட் கண்ணுக்கு அருகில் இருப்பதால் பார்வைப் பரப்பு அகலமாக இருக்கும். இரு குறிகளுக்கும் இடையேயான தூரமும் கூடும். 1970-இல் தாம்ப்சன் சென்டர் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த ஹாக்கனைப் போன்ற, 28 அங்குலக் குழல் உள்ள ரைஃபிளில், குழல்மேல் உள்ள பின்குறியிலிருந்து முன்குறி வரை சுமார் 20 அங்குலம் இருக்கும். டாங்கில் பொருத்தினால் அது சுமார் 30 ஆகிவிடும். நீளம் கூடக்கூடக் குறிபார்ப்பதில் நேரும் பிசகு இலக்கில் சிறுத்துத் தெரியும். பழைய பின்குறி இருந்த இடத்திலேயே பொருத்தும் பீப் சைட்டுகளும் கிடைக்கின்றன. அவை குழலோடு ஒட்டி இருப்பது நல்லதே என்றாலும், கண்ணிலிருந்து தள்ளி நிற்பதால் துளையைப் பெரிதாக வைக்க வேண்டியிருக்கும். அதனால் தெளிவில் கிடைக்கும் லாபம் குறைந்துவிடும்.

குறிப்பிட்ட மசில்லோடர் மாடல்களுக்கேற்ற அடித்தட்டுடன் லைமன், வில்லியம்ஸ் ஆகிய நிறுவனங்கள் பீப் சைட்டுகளைச் செய்துவந்துள்ளன. லைமன் 57 வகையில் ஒவ்வொரு ‘க்ளிக்’கும் கால் நிமிடக் கோணம், அதாவது 100 கஜத்தில் ஏறத்தாழக் கால் அங்குலம். வில்லியம்ஸின் எஃப்பி வகையில் ‘க்ளிக்’ கிடையாது. பூட்டுத் திருகாணியைத் தளர்த்தி, நகர்த்தி, மறுபடி இறுக்க வேண்டும். ஒருமுறை சரிசெய்துவிட்டுக் காட்டுக்குப் போகிறவருக்கு இரண்டாவது வகையே போதும், வெளியே துருத்தி நிற்கும் குமிழ் புதரில் மாட்டித் திரும்பிவிடும் தொல்லை அதில் இல்லை. எதை வாங்கினாலும், அந்தப் பருவத்துக்கான மாநில வேட்டை விதிப் புத்தகத்தை முதலில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தில் ஒருவர், “மசில்லோடரில் பீப் சைட் வைப்பது மரபுக்கு விரோதம்” என்கிறார். இது சரியா?

பதில்: பாதி சரி. மலைகளில் திரிந்த வேட்டைக்காரர்களின் ஹாக்கன்களிலும், அதற்கு முந்தைய பென்சில்வேனிய நீள்குழல் ரைஃபிள்களிலும் பெரும்பாலும் தாழ்வான திறந்த வெட்டுக் குறிகளே இருந்தன. ஆனால் இலக்குச் சுடுதல் என்று வந்தால் கதை வேறு. 1874 செப்டம்பரில் நியூயார்க்கின் கிரீட்மூர் திடலில் அயர்லாந்து அணியும் அமெரிக்க அணியும் 800, 900, 1000 கஜ தூரங்களில் மோதின. அயர்லாந்துக்காரர்கள் கையில் இருந்தவை டப்ளின் ஜான் ரிக்பி செய்த வாய்வழி ரைஃபிள்கள். அவற்றின் டாங்கில் நுட்பமாக அளந்து நகர்த்த உதவும் வெர்னியர் அளவுகோலுடன் கூடிய துளைக் குறிகள் இருந்தன. பின்வழியாகத் தோட்டா இடும் ஷார்ப்ஸ், ரெமிங்டன் ரைஃபிள்களோடு வந்த அமெரிக்கர்கள் 934-க்கு 931 என்ற கணக்கில் வென்றார்கள். அயர்லாந்து வீரர் ஒருவர் தவறான பலகையின் நடுவட்டத்தைச் சுட்டு அந்தப் புள்ளிகளை இழந்ததும் அந்தப் போட்டியில்தான். ஆகவே 1000 கஜம் வரை சுட்டு மூன்றே புள்ளியில் தோற்ற ஒரு வாய்வழி ரைஃபிளின் குறியை மரபுக்குப் புறம்பானது என்று யாரும் சொல்ல முடியாது. வேட்டைக்கு ஏற்ற, மெல்லிய விளிம்பும் பெரிய துளையும் கொண்ட டாங் சைட்டுக்கு கனெக்டிகட்டைச் சேர்ந்த வில்லியம் லைமன் காப்புரிமை பெற்றது 1879-இல்; அதற்குள் வாய்வழி ரைஃபிளின் காலம் மங்கத் தொடங்கிவிட்டது.

போட்டி விதி என்பது வேறு விஷயம். திறந்த குறிகளுக்கு மட்டுமே உரிய பிரிவுகள் பல சங்கங்களில் உண்டு. உங்கள் நண்பர் அந்தப் பிரிவை மனத்தில் வைத்துச் சொல்லியிருந்தால் அவர் சொல்வது சரியே.

கேள்வி: டாங்கில் துளையிட்டு மரை வெட்டுவதை நானே செய்யலாமா? எதில் கவனம் வேண்டும்?

பதில்: டிரில் பிரஸ்ஸும் பொறுமையும் இருந்தால் செய்யலாம். எனினும் துளையிடுவதற்கு முன் பார்க்க வேண்டியவை நிறைய.

முதல் வேலை, துப்பாக்கி காலியா என்று உறுதிசெய்வது. வாய்வழி ரைஃபிளில் மருந்தும் குண்டும் உள்ளே இருக்கிறதா என்பது வெளியிலிருந்து தெரியாது. குண்டை உள்ளே தள்ளும் கஜக்கோலைக் குழலுக்குள் அடிவரை இறக்கி, வாயருகே விரலால் பிடித்து, வெளியே எடுத்துக் குழலின் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கோலின் நுனி, வெடிமூடி மாட்டும் நிப்பிளுக்கு நேராக வந்து நின்றால் காலி; இரண்டு மூன்று விரற்கடை முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது என்று பொருள்.

இரண்டாவதாக, கொக்கி இணைப்பைச் சோதியுங்கள். ஹாக்கன் வகையில் குழலின் பின்முனையில் உள்ள கொக்கி டாங்கின் பள்ளத்தில் மாட்டிக்கொள்ள, முன்னால் ஒரு ஆப்பு குழலைக் கட்டையோடு பிடித்துவைக்கிறது. கழுவுவதற்கு ஆப்பைத் தட்டி எடுத்தால் குழல் தனியே வந்துவிடும். டாங் கட்டையிலேயே தங்கிவிடும். அப்படியானால் முன்குறி குழலிலும் பீப் சைட் டாங்கிலுமாக, இரண்டும் வெவ்வேறு உறுப்புகளில் நிற்கின்றன. கொக்கியில் மயிரிழை ஆட்டம் இருந்தாலும் ஒவ்வொரு முறை கழுவி மாட்டும்போதும் குண்டு விழும் இடம் மாறும். எந்த நிறுவனத்தின் பீப் சைட் சிறந்தது என்று மாதக்கணக்கில் விசாரிப்பவர்கள் இந்த ஒன்றைப் பார்ப்பதே இல்லை. ஆப்பை இறுக்கிவிட்டு, கட்டையைத் தொடையில் அழுத்திக்கொண்டு, குழலை மேலும் கீழும் பக்கவாட்டிலும் அசைத்து, டாங்கும் குழலும் சேரும் கோட்டில் கட்டைவிரல் நகத்தை வைத்துப் பாருங்கள். அசைவு நகத்தில் தெரியும். தெரிந்தால், கொக்கிக்கு அடியில் மெல்லிய பித்தளைத் தகடு வைத்தோ, டாங்கை எப்பாக்ஸியில் படியவைத்தோ அந்த ஆட்டத்தை நீக்கிய பிறகே பீப் சைட்டைப் பற்றி யோசிக்க வேண்டும்.

பிறகு இடம் குறிப்பது. பீப் சைட்டை இருபுறமும் ஒட்டும் நாடாவால் தற்காலிகமாக டாங்கில் ஒட்டி, ஹேமரைப் பாதியும் முழுதுமாக இழுத்து, அது எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். கட்டைவிரலுக்கு இடம் இருக்கிறதா என்பதையும் பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டு ரைஃபிளைத் தோளில் சாத்தி, கன்னத்தை இயல்பாக வைத்த பின் கண்ணைத் திறக்கும்போது, துளைக்கும் கண்ணுக்கும் இடையே குறைந்தது இரண்டரை அங்குலமாவது இருக்க வேண்டும். கனத்த கூம்புக் குண்டும் நிறைய மருந்தும் போடுகிறவர் இன்னும் சற்று விலகி இருப்பது நல்லது. பின்னுதையில் அந்த இரும்பு வளையம் புருவத்தைத் தேடி வரும்.

எண்கோணக் குழலின் மேல்தளத்தை மட்டமாக வைத்து, பீப் சைட்டின் தண்டு அதற்குச் செங்குத்தாக நிற்கிறதா என்று பார்ப்பது முக்கியம். தண்டு ஒரு பக்கம் சாய்ந்திருந்தால், உயரத்தைக் கூட்டும் ஒவ்வொரு தடவையும் குண்டு பக்கவாட்டிலும் நகரும். காரணம் புரியாமல் வெகுநாள் அலைய நேரும்.

துளையிடும்போது டாங்கைக் கட்டையிலிருந்து கழற்றிவிடுங்கள். துளை டாங்கில்தான் விழ வேண்டும். மருந்து வெடிக்கும் அறையிலோ, குழலின் பின்முனையை அடைக்கும் மூடியின் மரைப்பகுதியிலோ டிரில் படவே கூடாது. இந்த வேலைக்கு வழக்கமான 6-48 மரைத் திருகாணிக்கு 31-ஆம் எண் டிரில், 8-40-க்கு 28-ஆம் எண். வெட்டும் எண்ணெய் விட்டு, அரைச்சுற்று முன்னே, கால்சுற்று பின்னே என்று மரை வெட்டும் கருவியான டேப்பைத் திருப்புங்கள். டேப் உள்ளே முறிந்துவிட்டால் அதை எடுப்பது துளையிடுவதைவிடப் பத்து மடங்கு வேலை. டாங்கின் வளைவும் அடித்தட்டின் வளைவும் பொருந்தவில்லை என்றால் திருகாணியை இறுக்கி வளைத்துவிடலாம் என்று நினைக்காதீர்கள், தகடு வைத்துச் சமன்செய்யுங்கள். டாங்கில் ஏற்கெனவே உள்ள திருகாணியை எடுத்துவிட்டு நீளமானதைப் போட்டால், அதன் முனை விசையின் உறுப்புகளைத் தொடுகிறதா என்பதையும் பாருங்கள். எல்லாம் சரியான பிறகு திருகாணிகளுக்கு அவை கழலாமல் பிடித்துவைக்கும் நீலநிற லாக்டைட் பசை ஒரு துளி போதும்.

இவ்வளவையும் படித்துத் தயக்கம் வந்தால் துப்பாக்கி செப்பனிடும் கன்ஸ்மித்திடம் கொடுத்துவிடுவதில் தவறில்லை.

கேள்வி: பீப் சைட்டை முழுவதும் கீழே இறக்கிவைத்தும் 50 கஜத்தில் ஐந்து அங்குலம் மேலே சுடுகிறது. பீப் சைட் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை. டாங்கின் மேல் நிற்கும் துளை பழைய பின்குறியைவிட உயரமாக இருப்பதால், அதற்கு ஈடாக முன்குறியும் உயர வேண்டும். கணக்கு எளிது: இலக்கில் உள்ள பிசகை இரு குறிகளுக்கும் இடையேயான நீளத்தால் பெருக்கி, சுடும் தூரத்தால் வகுக்க வேண்டும்; எல்லாம் அங்குலத்தில். உங்கள் ரைஃபிளில் குறிகளின் இடைவெளி 30 அங்குலம் என்றால், 50 கஜம் 1800 அங்குலம் ஆதலால், 5 பெருக்கல் 30 வகுத்தல் 1800, அதாவது 0.083 அங்குலம். முன்குறி அவ்வளவு உயரம் கூட வேண்டும். 0.100 அங்குலம் கூடுதலாக உள்ளதை வாங்கி, பித்தளைக் கோலால் தட்டி, குழலில் முன்குறிக்கென வெட்டியுள்ள புறாவால் வடிவக் காடியில் ஏற்றுங்கள். இப்போது குண்டு சற்றுத் தாழ்வாக விழும். அரத்தால் சிறிது சிறிதாக ராவினால் மேலேறும். இந்த நீளத்தில் 0.010 அங்குலம் ராவுவது 50 கஜத்தில் 0.6 அங்குலம் உயர்த்தும். ராவியதை ஒட்டவைக்க முடியாது என்பதால், எவ்வளவு மருந்து, குண்டைச் சுற்றும் துணி எந்தத் தடிமன் என்பதை முதலில் முடிவுசெய்துவிட்டு, ஒரு குண்டை நம்பாமல் மூன்று குண்டுகளாவது விழுந்த இடத்தின் நடுவை வைத்துக் கணக்கிடுங்கள்.

பழைய பின்குறியைக் குழலில் விட்டுவைத்திருந்தால் அதையும் எடுத்துவிட்டு, காடியில் வெற்றுத் துண்டு ஒன்றைப் பொருத்துங்கள். துளை வழியே பார்க்கும்போது அது முன்குறியின் அடிப்பகுதியை மறைத்துக் குழப்பும்.

கேள்வி: மழையில் துளை அடைத்துக்கொள்கிறது. வழி உண்டா?

பதில்: சிறிய துளையில் ஒரு துளி நீர் தோல்போலப் படிந்து நிற்கும், ஊதினால் போகும், அடுத்த நிமிடம் மறுபடி வரும். மழை நாளில் துளைத் தட்டைத் திருகிக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அது இருந்த பெரிய வளையத்தின் வழியாகவே குறிபாருங்கள். 50 கஜத்தில் மானுக்கு அந்தத் துல்லியம் போதும். வெயில் நாளில் திரும்ப மாட்டும்போது மரையில் மருந்துக் கரி ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். கரியோடு திருகினால் தட்டு பாதியில் நின்று, சுடும் அதிர்வில் கழன்று விழுந்துவிடும்.