பாட்டிக்காக ஜெபித்த பிள்ளைக்கு என்ன சொல்வது?

சிஸ்டர், விடுமுறை வேதாகமப் பள்ளியில் கடுகுவிதை அளவு விசுவாசம் இருந்தாலே மலையும் நகரும் என்ற பாடம் முடிந்ததும், "நானும் ஜெபம் பண்ணேனே, பாட்டி ஏன் செத்துட்டாங்க? என் விசுவாசம் பத்தலையா?" என்று எட்டு வயதுப் பிள்ளை கேட்டதாக எழுதியிருந்தீர்கள்.

முதலில் தனியாகப் பக்கத்தில் உட்கார்ந்து, "உன் மேல் எந்தத் தப்பும் இல்லை" என்று சொல்லிவிடுங்கள். விளக்கமெல்லாம் அப்புறம்.

மறுநாள் வகுப்பில் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தை எடுங்கள். இறந்துபோன நண்பன் லாசருவை உயிரோடு எழுப்பப்போவது தெரிந்தும் இயேசு கண்ணீர் விட்டார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில், பாடுகளாகிய பாத்திரம் தம்மைவிட்டு நீங்கும்படி அவரே வேண்டினார், நீங்கவில்லை. அப்போஸ்தலன் பவுல் மூன்று தரம் கேட்டும், அவர் 'முள்' என்று சொன்ன வேதனை போகவில்லை. இவர்களுக்கு விசுவாசம் குறைவென்று சொல்வோமா? பிள்ளைகளுக்கு இது நன்றாகவே புரியும்.

"ஆண்டவருக்குப் பாட்டி தேவைப்பட்டாங்க" என்று மட்டும் தயவுசெய்து சொல்லாதீர்கள். அடுத்து அம்மாவையும் கூப்பிடுவாரோ என்று பிள்ளை பயந்துவிடும். வீட்டாரிடமும் பேசிவிடுங்கள்.