புது பேட்டரியும் காலையில் இறங்கிவிடுகிறதா? இன்னொன்று வாங்குமுன் அளந்து பாருங்கள்

தம்பி, மூன்று வாரத்துக்கு முன் மாற்றிய காடி (கார்) பேட்டரி காலையில் மறுபடி ‘டக் டக்’ என்கிறது, பெங்கெலில் (ஒர்க் ஷாப்பில்) இன்னொன்று போடச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். கொஞ்சம் பொறுங்கள். முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டர் ஒன்று வாங்குங்கள்.

இரவு முழுக்க நின்ற காடியில், ஸ்டார்ட் செய்யுமுன் பேட்டரியில் 12.6 வோல்ட் அருகில் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி சார்ஜ்தான். அப்புறம் இன்னொரு காடியின் பேட்டரியிலிருந்து ஜம்பர் ஒயர் போட்டு ஸ்டார்ட் செய்து, கால் மணி நேரம் ஓடவிட்டு, ஏர்கோன், விளக்கு எல்லாம் போட்டு அளந்து பாருங்கள். 13.5 முதல் 14.5 வரை வந்தால், ஓடும்போது பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் வேலை செய்கிறது. 13-க்குக் கீழே நின்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர், ஒயர், இந்த மூன்றில் ஒன்று.

ஆல்டர்னேட்டரைக் கழற்றுமுன் பேட்டரி நெகட்டிவை எஞ்சினோடு இணைக்கும் எர்த் ஒயரைப் பாருங்கள். இங்கே மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் என் காடிக்கு நடந்தது அதுதான். தோட்டத்துச் செம்மண் பாதையில் தினமும் குலுங்கி நட்டு தளர்ந்திருந்தது. வெளியே பார்க்கச் சுத்தம். கழற்றினால் உள்ளே பச்சைப் பொடி. எஞ்சின் ஓடும்போது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மற்றதை எஞ்சின் இரும்பிலும் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் இழப்பு அங்கேதான்.

எல்லாம் சரியாக இருந்தும் காலையில் இறங்கினால், நிறுத்திய பிறகு ஏதோ மின்சாரத்தைக் குடிக்கிறது: டேஷ்கேம், ரேடியோ, அல்லது ஆல்டர்னேட்டருக்குள் பழுதான டையோடு.

ஒன்று மட்டும் வேண்டாம். எஞ்சின் ஓடும்போது பேட்டரி ஒயரைக் கழற்றிச் சோதிக்க யாரையும் விடாதீர்கள். அந்த நொடியில் எகிறும் வோல்ட் காடியின் கணினியான ஈசியூவையே எரித்துவிடலாம். அளந்த எண்களை இங்கே போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.