டாங்கோ கற்க விரும்பும் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டவை இரண்டு. புவெனஸ் ஐரிஸ் வந்து மூன்று மாதம் ஆகிறது, மனைவிக்கு அர்ஜென்டினாவின் இணை நடனமான டாங்கோ கற்க ஆசை, உங்களுக்கும் ஆசை இல்லாமல் இல்லை. எங்கே தொடங்குவது என்பது ஒன்று. வகுப்பில் முன்பின் தெரியாதவர்களையும் அணைத்து ஆடச் சொல்வார்களாமே, நாங்கள் இருவர் மட்டும் ஆடிக்கொண்டால் போதாதா என்பது மற்றொன்று. முதலாவதற்குச் சில வரிகள் போதும். இரண்டாவதற்குக் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. நானும் என் கணவரும் இந்த ஊருக்கு வந்த புதிதில் அதே யோசனையில் ஆறு மாதத்தை வீணடித்தவர்கள்.

எங்கள் இருவருக்கும் மட்டுமாகத் தனி வகுப்பு வைத்துக்கொண்டோம். ஆசிரியர் எட்டு அடி கொண்ட அடிப்படை வரிசையைக் கற்றுக்கொடுத்தார். என் கணவர் பொறியாளர். எட்டையும் தாளில் படம் வரைந்து மனப்பாடம் செய்துவிட்டார். நான் சிறு வயதில் ஏழு ஆண்டு பரதம் படித்தவள். வரிசை என்று ஒன்றைக் கொடுத்துவிட்டால் என் கால் அதை மறக்காது. ஐந்தாவது அடியில் காலைக் குறுக்கே வைக்க வேண்டும் என்றால், அவர் சொல்வதற்கு முன்பே வைத்துவிடுவேன். கூடத்தில் சோபாவைத் தள்ளிப்போட்டுவிட்டுப் பயிற்சி செய்வோம். பத்தாவது நிமிடத்தில் "நீ ஏன் முந்துகிறாய்", "நீங்கள் ஏன் இழுக்கிறீர்கள்" என்று தொடங்கும். கீழ்வீட்டு அம்மா இசை நின்றுபோனதைக் கேட்டே சண்டை வந்துவிட்டது என்று கண்டுபிடித்துவிடுவார். இருந்தாலும் நன்றாகவே ஆடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருந்தோம்.

அந்த நம்பிக்கை ஒரு பொது வகுப்பில் உடைந்தது. இணை மாற்றச் சொன்னார்கள். என் கணவருக்கு எழுபது வயதைத் தாண்டிய ஒரு மூதாட்டி வாய்த்தார். இவர் மனத்துக்குள் ஒன்று, இரண்டு எண்ணிக்கொண்டு கிளம்பினார். அந்த அம்மா அசையவே இல்லை. மறுபடியும் கிளம்பினார், அசையவில்லை. "நீ இன்னும் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லையே, மகனே" என்றார் சிரித்துக்கொண்டே. இவர் உடல் எடையை ஒரு காலிலிருந்து மறு காலுக்கு முழுதாக மாற்றி, நெஞ்சு நகர்ந்த பிறகுதான் அவர் பின்னால் ஓர் அடி வைத்தார். ஆறு மாதமாக என் கணவர் என்னை நடத்திச் சென்றதே இல்லை. நான் ஊகித்துப் போய்க்கொண்டிருந்தேன், அவரோ, தான் நடத்துவதால்தான் நான் போகிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தார்.

கணவன் மனைவி மட்டுமே ஆடுவதில் உள்ள சிக்கல் இதுதான். ஒருவர் முகத்தைப் பார்த்தே மற்றவர் நினைப்பது தெரியும். அந்தப் பழக்கம் குடும்பத்துக்கு நல்லது, இந்த ஆட்டத்துக்கு ஆகாது. சம்பிரதாய டாங்கோவில் முன்கூட்டி அமைத்த வரிசை கிடையாது. அடுத்த அடி எது என்பதை நடத்துபவர் அந்தக் கணத்தில் முடிவு செய்கிறார், தொடர்பவர் அதை அணைப்பின் வழியாக உணர்ந்து தன் அடியை வைக்கிறார். கேட்கச் சுலபமாக இருக்கும். அரைமண்டியில் உட்கார்ந்து தட்டிப் பழகிய எனக்கு, முழங்காலைத் தளர்த்தி நின்று, சத்தமில்லாமல் தரையைத் தடவிக்கொண்டு, அடுத்து என்னவென்று தெரியாமல் பின்னால் நடப்பது பெரிய தண்டனையாக இருந்தது. எங்கள் பொது வகுப்பில் முதல் மாதம் முழுக்க நடை மட்டும்தான். அலுத்துக்கொள்ளாதீர்கள், இங்கே பெரியவர்கள் ஒருவருடைய ஆட்டத்தை அவர் நடையை வைத்தே மதிப்பிடுவார்கள். லா போகா பகுதியில் கமினித்தோ தெருவில் சுற்றுலாப் பயணிகளுக்காகக் காலைத் தூக்கி வீசி ஆடுகிறார்களே, அது மேடை டாங்கோ. அது தனிக் கலை. அதைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், ஆசைப்படவும் வேண்டாம்.

அந்நியரை அணைப்பது பற்றிய கூச்சம் எனக்கும் இருந்தது. இந்த ஊரில் ஆணோ பெண்ணோ, அறிமுகமான உடனேயே கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுகிறார்கள், ஆண்கள் தங்களுக்குள்ளும். அலுவலகத்தில் நீங்கள் இந்நேரம் பழகியிருப்பீர்கள். டாங்கோ அணைப்பு அதைவிட நீண்டது, ஆனால் அதற்கு வேலி உண்டு. மிலோங்கா என்னும் ஆட்டக் கூடத்தில் பாட்டுகள் மூன்று அல்லது நான்காகச் சேர்ந்து வரும். அந்தத் தொகுப்புக்குத் தாண்டா என்று பெயர். அது முடிந்ததும் சம்பந்தமே இல்லாத வேறொரு இசைத் துணுக்கு ஒலிக்கும்; அது கோர்தினா, திரை என்று பொருள். திரை விழுந்ததும் அணைப்பும் முடிந்தது, அவரவர் இருக்கைக்குப் போக வேண்டும். ஒருவரோடு ஒரு தாண்டா, அதாவது பத்துப் பன்னிரண்டு நிமிடம். அதே ஆளோடு விடாமல் அடுத்தடுத்து ஆடினால் பழைய கூடங்களில் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்வார்கள். நம் ஊர்க் கல்யாண வீட்டில்கூட இவ்வளவு கண்டிப்பு இருக்காது.

அழைப்பதும் அப்படியே. மேசைக்கு வந்து கையை நீட்ட மாட்டார்கள். தூரத்திலிருந்து பார்ப்பார்கள், நீங்களும் பார்த்தால் தலையை லேசாக அசைப்பார்கள். இதுதான் காபெசேயோ. விருப்பமில்லை என்றால் பார்வையைத் திருப்பிக்கொண்டால் போதும், யாருக்கும் அவமானமில்லை. இங்கே நம்மவர்களுக்கு மட்டும் ஓர் எச்சரிக்கை. முதல் நாள் ஒருவர் தலையசைத்தார். நான் நம் வழக்கப்படி "சரி" என்று தலையைப் பக்கவாட்டில் ஆட்டினேன். மறுத்துவிட்டேன் என்று நினைத்து வேறு பக்கம் திரும்பிவிட்டார். மேலும் கீழும் ஆட்டுங்கள், கண்ணாடி முன் பழகிக்கொண்டு போங்கள்.

அதே இரவில் இன்னொரு கூத்தும் நடந்தது. முதல் பாட்டு முடிந்ததும் மரியாதையாக இருக்கட்டுமே என்று "கிராசியாஸ்" சொன்னேன். ஆடிக்கொண்டிருந்த பெரியவர் முகம் சுருங்க என்னை மேசையில் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனார். தாண்டாவின் நடுவே நன்றி சொன்னால் "போதும், நிறுத்திக்கொள்ளலாம்" என்று பொருளாம். நன்றியைத் தாண்டா முடியும்வரை வாய்க்குள்ளேயே வைத்திருங்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் இடையில் நின்று வானிலை பற்றியோ கால்பந்து பற்றியோ பேசுவார்கள். அடுத்த பாட்டு தொடங்கிய பிறகும் சற்று நேரம் பேசிவிட்டுத்தான் அணைப்பார்கள். அதுவரை நெளியாமல் நில்லுங்கள்.

நீங்கள் இருவர் மட்டும் ஆட விரும்பும் இரவுகளுக்கும் வழி இருக்கிறது. பழைய வழக்கம் உள்ள கூடங்களில் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் எதிர்ப்பக்கம் உட்காருவார்கள். ஜோடியாக ஒரே மேசையில் உட்கார்ந்தால் யாரும் உங்கள் மனைவியை அழைக்க மாட்டார்கள், உங்களையும் எவரும் பார்க்க மாட்டார்கள். இது தெரியாமல் நாங்கள் ஓரிரவு முழுக்க, ஏன் நம்மை இப்படி ஒதுக்குகிறார்கள், நிறமா காரணம் என்று புழுங்கிக்கொண்டிருந்தோம். அடுத்த வாரம் தனித்தனியாக உட்கார்ந்தோம். எனக்கு ஐந்து தாண்டா கிடைத்தது, அவருக்கு இரண்டு. வீடு திரும்பும்வரை அவர் அதைப் பற்றிப் பேசவே இல்லை.

இனி, எங்கே தொடங்குவது. இந்த ஊரின் பலெர்மோ பகுதியில் ஆர்மீனியா தெருவில் ஆர்மீனியச் சமூகக் கட்டடத்தில் லா விருத்தா என்னும் மிலோங்கா இருக்கிறது. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பு தரம் பிரித்து வகுப்பு நடத்துவார்கள், கூட்டம் இளமையானது, புதியவர்களை முறைக்க மாட்டார்கள். பெல்கிரானோ பகுதிப் பூங்காவில் லா குளோரியேத்தா என்னும் வட்ட மண்டபத்தில் திறந்தவெளி ஆட்டம். நுழைவுச்சீட்டு இல்லை, தொப்பி சுற்றி வரும், முடிந்ததைப் போடலாம். முதலில் அங்கே போய் ஆடாமல் பாருங்கள்: எல்லோரும் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் ஒரே வட்டமாக நகர்வதும், யாரும் யாரையும் முந்தாததும் புரியும். கட்டணம் எவ்வளவு என்று கேட்டிருந்தீர்கள். இந்த நாட்டுப் பணவீக்கத்தில் நான் எழுதும் விலை அடுத்த மாதம் பொய்யாகிவிடும், நேரில் கேட்டுக்கொள்ளுங்கள். சுரங்க ரயில் இரவு பதினொன்று வாக்கில் அடங்கிவிடும், ஆட்டமோ அப்போதுதான் சூடுபிடிக்கும். திரும்பி வர உங்கள் தெருவுக்கு இரவு பஸ் எது என்று முன்பே பார்த்து வையுங்கள்.

வீட்டில் கேட்பதற்கு முதலில் ஹுவான் தாரியென்சோவின் இசைக்குழு. தாளம் சுத்தியலடி போல விழும், தவறவிட முடியாது. பிறகு கார்லோஸ் தி சார்லி, நடை பழகுவதற்கென்றே செய்ததுபோல் இருக்கும். புக்ளியேசேயை ஓராண்டு தள்ளிப்போடுங்கள். அவர் தாளத்தை இழுத்து நிறுத்தும் இடங்களில் என் கணவர் இன்றும் தடுமாறுகிறார். பாட்டு வரிகளில் பாதி, விட்டுவந்த தெருவையும் வீட்டையும் நினைத்து ஏங்குபவை. இத்தாலியிலிருந்தும் ஸ்பெயினிலிருந்தும் கப்பலேறி வந்தவர்கள் நெருக்கியடித்து வாழ்ந்த துறைமுகக் குடியிருப்புகளில் வளர்ந்த கலை அல்லவா. ஸ்பானிஷ் கொஞ்சம் பிடிபட்டதும் அந்த வரிகள் உங்களையும் தொந்தரவு செய்யும், தயாராக இருங்கள்.

இருவரும் ஒரே வகுப்பில் சேருங்கள், இணை மாற்றும்போதெல்லாம் மாற்றுங்கள், கடைசித் தாண்டாவை மட்டும் உங்கள் மனைவிக்கு வையுங்கள். வகுப்பில் அவரைத் திருத்த வாயைத் திறக்காதீர்கள். அதற்கு ஆசிரியருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். ரப்பர் அடி வைத்த காலணி தரையைப் பிடித்துக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். தோல் அடி வைத்ததைப் போடுங்கள். அணைப்பில் நெற்றியும் கன்னமும் ஒட்டும் என்பதால் அன்றைக்குத் தலைக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம். பூண்டுக் குழம்பை மறுநாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.