செட்: ஒரு சொல்லா, இரு சொற்களா?

கேள்வி: ஆங்கில வழியில் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் என் மகள், 'செட்' என்ற சொல்லைக் கண்டாலே தடுமாறுகிறாள். கணக்குப் பாடத்தில் அது 'கணம்'. கதையில் சூரியன் மறைவதற்கும் அதே சொல். வீட்டிலோ பம்பு செட், பல் செட். இதை அவளுக்கு எப்படி விளக்குவது?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: 1989-இல் வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் இரண்டாம் பதிப்பு இச்சொல்லின் வினை வடிவத்துக்கு மட்டுமே ஏறத்தாழ 430 பொருள்களைத் தருகிறது, ஆகவே உங்கள் மகள் தடுமாறுவது இயல்பே. ஆனால் அவற்றை மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. வெவ்வேறு வேர்களில் பிறந்த இரு சொற்கள் ஒரே ஒலியில் வந்து சேர்ந்திருக்கின்றன என்பதை முதலில் சொல்லுங்கள்.

வினைச்சொல்லான 'செட்', உட்கார்வதைக் குறிக்கும் 'சிட்' என்பதன் பிறவினை. நம் மொழியில் 'இரு' என்பது 'இருத்து' என்றும், 'அமர்' என்பது 'அமர்த்து' என்றும் ஆவதைப் போன்றது இது. ஒன்றை அதற்குரிய இடத்தில் இருத்துவதே அடிப்படைப் பொருள் என்று பிடித்துக்கொண்டால், சாப்பாட்டு மேசையில் தட்டுகளை வைப்பதும், கடிகாரத்தில் அலாரம் வைப்பதும், முறிந்த எலும்பை நேராக்கிப் பொருத்துவதும், மோதிரத்தில் கல் பதிப்பதும், அச்சுக் கோப்பதும் ஒரே வினைக்குள் அடங்கிவிடும். தமிழ் இவற்றுக்குத் தனித்தனி வினைகளை வைத்திருப்பதால்தான் நம் பிள்ளைகளுக்கு இவை தொடர்பற்றவையாகத் தோன்றுகின்றன. இளகலாகக் கொட்டிய கான்கிரீட் இறுகி நிலைகொள்வதும் இவ்வழியில் வந்ததே. நம் கொத்தனார்களும் 'செட் ஆகிவிட்டதா?' என்றே கேட்கிறார்கள். மாலைச் சூரியனுக்கும் இதே வினைதான். ஆங்கிலத்தில் அது அடிவானத்தில் போய் அமர்கிறது. பழந்தமிழில் அது படுத்துவிடுகிறது, 'படுஞாயிறு' என்ற அழகான சொல் நம்மிடம் இருக்கிறதல்லவா!

தொகுதியைக் குறிக்கும் பெயர்ச்சொல்லோ லத்தீன் மொழியின் 'செக்டா' என்பதிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. ஒருவரைப் பின்பற்றும் கூட்டம் என்பது அதன் பொருள். சமயப் பிரிவைச் சுட்டும் 'செக்ட்' என்பதும் அதன் உறவே. கணக்கின் கணம், பம்பு செட், பல் செட், செட் தோசை எல்லாம் இந்தக் கிளையில் அடங்கும். காலப்போக்கில் வினைச்சொல்லின் சாயலும் இதில் ஏறியதால், கண்டபடி குவித்த பொருள்களை ஆங்கிலத்தில் யாரும் செட் என்பதில்லை. ஒன்றோடொன்று சேர வேண்டியவை சேர்ந்திருக்க வேண்டும்.

ஒன்றை மட்டும் எச்சரித்து வையுங்கள். 'அந்த ஊர் எனக்குச் செட் ஆகவில்லை' என்று நாம் பேசுவது தமிழர் வளர்த்துக்கொண்ட வழக்கு. ஆங்கிலத் தேர்வில் அதை அப்படியே எழுதினால் பொருள்படாது.

கேள்வி: மிகுதியான பொருள்களை உடைய ஆங்கிலச் சொல் இன்றும் 'செட்' தானா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: இல்லை. அதே அகராதிக்காகத் திருத்தி எழுதப்பட்ட 'ரன்' என்னும் வினை, 645 பொருள்களுடன் அதை முந்திவிட்டது.