பாட்டியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது?

வணக்கம் ஐயா,

போன மாதம் என் பாட்டி தவறிவிட்டார். வயது 91. அவரைப் பற்றி நான்கு பக்கம் எழுதிக்கொடு, வருஷத் திதிக்கு அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்கிறார் அப்பா. எழுத உட்கார்ந்தால் 'அன்பானவர், உழைப்பாளி' என்பதைத் தாண்டி ஒரு வரி நகரவில்லை. பாட்டி பள்ளிக்கூடம் போனதில்லை, வேலைக்கும் போனதில்லை. கப்பலில் வந்தார், சமைத்தார், பிள்ளைகளை வளர்த்தார். அடையாள அட்டையில் இருக்கும் பிறந்த தேதிகூடச் சரியில்லை என்பார். இதில் எழுத என்ன இருக்கிறது?

ஒரு வாசகி, உட்லண்ட்ஸ்

அன்புள்ள வாசகிக்கு,

'கப்பலில் வந்தார்' என்று இரண்டே சொல்லில் தாண்டிவிட்டீர்கள். எந்தக் கப்பல்? ரஜூலாவா? 1973 வரை நாகப்பட்டினம் வழியாகச் சிங்கப்பூருக்கு ஓடிய கப்பல் அது. என் ஆயாவும், அதாவது என் பாட்டியும், அதில்தான் வந்தார். கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் வாயே திறக்க மாட்டார். ஆனால் பக்கத்துப் பாய்க்காரி ஊறுகாய் ஜாடியை வைத்துக்கொண்டு ஒரு துண்டுகூடத் தரவில்லை என்பதை ஐம்பது வருஷம் கழித்தும் கோபமாகச் சொல்வார். எனக்கு அந்த ஜாடி போதும்.

அப்புறம், அந்த 'அன்பானவர்' வேண்டாம். என் ஆயா கெட்டிப்பால் டின்னால் அரிசி அளந்து போடுவார். தலைக்கு முக்கால் டின். மருமகள்கள் அந்த டின்னைத் தொடக்கூடாது. விருந்தாளி வந்தால் டின்னைக் குவித்து அளப்பார், அவர்கள் போனதும் இரண்டு நாள் தலைதட்டி அளந்து கணக்கை நேர் செய்வார். இதை எழுதினால் சித்தப்பாக்களுக்குக் கோபம் வரும். வரட்டும்.

பிறந்த தேதியைத் திருத்தப் பார்க்காதீர்கள். அது தவறு என்று அவர் எதை வைத்துச் சொன்னார்? மழையா, திருவிழாவா, வீட்டு மாடு கன்று போட்டதா? அதை எழுதுங்கள்.

என் தாத்தாவுக்குச் செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. 1971இல் வெள்ளைக்காரர்கள் போனபிறகு குவார்ட்டர்ஸை விட்டு வாடகை வீடுகளில் அலைந்து, கடைசியில் ஈசூனில் வீவக என்கிற அரசு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். பக்கத்து வீட்டில் ஒரு சீனப் பாட்டி. அவருக்குத் தியோச்சியூ, ஆயாவுக்குத் தமிழ், இருவருக்கும் பொதுவாகச் சந்தைமலாய். தாழ்வாரத்தில் நாற்காலி போட்டு மீன் விலை, முட்டிவலி, மருமகள் என்று சாயங்காலம் முழுக்க அந்த உடைந்த மலாயில் ஓடும். பேரப்பிள்ளைகள் எங்களுக்கு ஆங்கிலம் போதுமாக இருந்தது, அந்த மலாய் ஒருவருக்கும் வரவில்லை.

ஆயா இறந்தபோது புளோக் கீழ்த்தளத்தில்தான் கிடத்தியிருந்தோம். அந்தப் பாட்டி வந்து பெட்டியருகே நின்று என்னென்னவோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, 'சுடா மாக்கான்?' என்றார். சாப்பிட்டாயா என்பது மட்டும் புரிந்தது. தலையாட்டினேன்.

தேசிய ஆவணக் காப்பகத்தில் 1979 முதல் வாய்மொழி வரலாறு பதிவு செய்கிறார்கள். தமிழிலும் உண்டு, இணையத்திலேயே பல கிடைக்கின்றன. கேளுங்கள், எந்தக் கேள்விக்கு ஒருவர் வாய் திறக்கிறார் என்பது பிடிபடும். அதற்கு முன்னால், உங்கள் பாட்டியோடு உட்கார்ந்து பேசிய கிழவிகள் யாராவது இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். நான் மலாய் தெரிந்த நண்பரோடு ஈசூன் போனபோது அந்த வீட்டில் வேறு யாரோ குடியிருந்தார்கள்.